மேலிடம்

எங்கள் இயக்குநர் தரையை விட்டுக் கிளம்பியது விஜயதசமியன்று காலையில், கையில் பொரிகடலைப் பொட்டலத்தோடு, என்னிடம் "விடுங்க ஞானசுந்தரி, காத்துதானே" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே. முதலில் அவர் செருப்புக்கும் தரைக்கும் நடுவில் ஒரு தீப்பெட்டி நுழைகிற அளவுதான் இடைவெளி இருந்தது. நான் அதைப் பார்த்தேன், அவரும் பார்த்தார், பார்த்துவிட்டு வாயிலிருந்த பொரியை மென்று விழுங்கினார், பிறகு "சரி, வேற என்ன?" என்று கேட்டார். நானும் வேறு என்ன என்று சொல்லத் தொடங்கிவிட்டேன், ஏனென்றால் அன்றைக்கு எனக்கு இருந்த ஆத்திரத்தில் அவர் தரையில் நின்றால் என்ன, தலைகீழாகத் தொங்கினால் என்ன.

ஆத்திரம் எதற்கென்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இவள் எதற்கு இந்தக் குதி குதிக்கிறாள் என்று நீங்களும் கேட்பீர்கள். புதுக்கோட்டைக்கு அந்தப் பக்கம், முந்திரிக் காடும் செம்மண் பொட்டலுமாகக் கிடக்கிற இடத்தில் எங்கள் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கட்டடத்துக்குக் கட்டடம் காந்தங்கள், எல்லாம் திரவ ஹீலியத்தில் முங்கிக் கிடக்கிற காந்தங்கள். அதைவிடக் குளிர்ந்த திரவம் இந்த உலகத்தில் கிடையாது, அந்தக் குளிர் போய்விட்டால் காந்தமெல்லாம் வெறும் கம்பிச் சுருள்தான். இந்த ஹீலியம் எங்கள் பொட்டலில் கிணறு வெட்டினால் வருகிற சரக்கில்லை. எங்கோ தூர தேசத்தில் பூமிக்கடியில் யுகம் யுகமாக ஊறிச் சேர்ந்ததை எடுத்து, கப்பலில் ஏற்றி, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். எவ்வளவு இறுக்கி மூடினாலும் அது கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக்கொண்டேதான் இருக்கும். அந்த ஆவியைப் பிடித்தால் மறுபடி திரவமாக்கலாம், மறுபடி மறுபடி அதையே வைத்துக் காலம் தள்ளலாம். பிடிக்காமல் விட்டால் அது மேலே போகும், மேகத்துக்கும் மேலே போகும், இந்தப் பூமியால்கூட அதைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது, வானத்தையே தாண்டிப் போய்விடும், அப்புறம் யார் அழுதாலும் வராது.

பிடிப்பதற்கு வேண்டியதெல்லாம் எங்களிடம் இருந்தது. ஒவ்வொரு ஆய்வகத்திலும் ஒரு வால்வு, அதை ஒரு பக்கம் திருப்பினால் ஆவி குழாய் வழியாகப் பின்புற ஷெட்டில் இருக்கிற ரப்பர் பைக்குப் போகும், யானை படுத்துக் கிடக்கிற மாதிரி அவ்வளவு பெரிய பை, பையிலிருந்து கம்ப்ரஸர் உறிஞ்சி சிலிண்டரில் ஏற்றும், அங்கிருந்து திரவமாக்கும் மெஷினுக்குப் போகும். இன்னொரு பக்கம் திருப்பினால் ஜன்னல் வழியாக வானத்துக்குப் போகும். பைக்கு அனுப்ப ஹோஸை மாட்ட வேண்டும், முறுக்க வேண்டும், கசிகிறதா என்று சோப்பு நுரை தடவிப் பார்க்க வேண்டும். வானத்துக்கு அனுப்ப ஒன்றும் செய்ய வேண்டாம். எங்கள் ஆட்கள் எந்தப் பக்கம் திருப்புவார்கள் என்று தனியாக வேறு சொல்ல வேண்டுமா?

இது போதாதென்று ஆயுத பூஜை. சனி ஞாயிறு பார்த்தா ஆவியாகிறது ஹீலியம்? ஆனால் எங்கள் நிலையத்தில் ஆயுத பூஜைக்கு எந்த மெஷினும் ஓடக்கூடாது. கம்ப்ரஸர் ஆபரேட்டர் கலியபெருமாள் வெள்ளிக்கிழமையே அதை நிறுத்தி, துடைத்து, விபூதிப் பட்டை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, செவ்வந்தி மாலை சாத்தி, இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, ஸ்விட்சின் மேல் ஒரு எலுமிச்சம்பழத்தையும் வைத்துவிட்டார். பழம் இருக்கிற வரைக்கும் ஸ்விட்சில் யாரும் கை வைக்க மாட்டார்கள். அந்த வருஷம் பூஜைக்கு முன்னால் சனியும் ஞாயிறும் சேர்ந்துகொண்டன, எல்லாரும் பூசணிக்காய் உடைத்துவிட்டு பஸ் ஏறி ஊருக்குப் போய்விட்டார்கள். கட்டடம் கட்டடமாக ஆவி வந்து பை நிரம்பியது, நிரம்பிய பை வெடிக்காமல் இருக்க மேலே ஒரு வால்வு உண்டு, அது திறந்துகொண்டது, திறந்தது மறுபடி மூடிக்கொள்ளாமல் சிக்கிக்கொண்டது, லீவு முழுக்க ஸ்ஸ்ஸென்று வானத்துக்குப் போய்க்கொண்டே இருந்தது. வாட்ச்மேன் அந்தச் சத்தத்தைக் கேட்டு, அம்மன் மூச்சு விடுகிறாள் என்று நினைத்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாராம். விஜயதசமியன்று நான் வந்து பார்த்தபோது பை சப்பிப்போய்த் தரையில் கிடந்தது, மாலை மட்டும் வாடாமல் இருந்தது.

போன ஹீலியத்தில் ஒரு பங்கு என்னுடைய ஹெல்மெட்டுக்கு வர வேண்டியது. ஹெல்மெட் என்றால் பைக்கில் போடுகிறது இல்லை. பியூட்டி பார்லரில் முடி காய வைக்கக் கவிழ்க்கிறார்களே ஒரு சட்டி, அதை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கினால் எப்படியோ அப்படி ஒரு மெஷின். உள்ளே ஹீலியம் இருக்கும், அதற்குக் கீழே தலையை வைத்து அசையாமல் படுத்தால், மூளைக்குள் எந்த இடத்தில் வலிப்பு பிறக்கிறது என்று காட்டிக்கொடுத்துவிடும். இடம் தெரிந்தால் மதுரையில் ஒரு சர்ஜன் கத்தி வைப்பார், தெரியாவிட்டால் வைக்க மாட்டார். அந்த மெஷினைப் பார்த்துக்கொள்கிற விஞ்ஞானி நான்.

அதற்காகத்தான் ஆதனக்கோட்டைப் பக்கமிருந்து முத்துராக்கு தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலை அவளுக்கு, ஓட்டில் இருக்கிற எண்ணெய் பட்டுப் பட்டு இரண்டு உள்ளங்கையும் கருத்துக் காய்த்துப் போயிருந்தன. மகள் மோனிஷா நாலாம் வகுப்பு. ஒவ்வொரு வலிப்புக்கும் பிள்ளையின் பேச்சில் கொஞ்சம் குறைந்துகொண்டே வருகிறது, இடத்தைச் சீக்கிரம் கண்டுபிடித்தாக வேண்டும், தள்ளிப்போடக்கூடாது என்று டாக்டர்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பூஜைக்கு முந்தின வாரம் தலைக்கு அளவு பார்க்க வந்தபோது அவள் வாய் ஓயவில்லை. இதற்குள் தலையை விட்டால் முடியை வெட்டிவிடுமா என்று கேட்டாள். அவள் ஊரிலிருந்து எங்கள் வாசல் வரைக்கும் உள்ள பஸ் ஸ்டாப்பெல்லாம் அவளுக்கு மனப்பாடம், கண்டக்டர் மாதிரியே கையைத் தட்டிச் சொல்லிக் காட்டினாள்: ரைஸ்மில்லு, புளியமரம், சுடுகாட்டு முக்கு, காலேஜு, கேட்டு, எறங்கு எறங்கு. பூஜை முடிந்த வாரத்திலேயே நாள் குறித்து அனுப்பினேன்.

இப்போது தெரிகிறதா எனக்கு ஏன் பற்றிக்கொண்டு வந்தது என்று. ஷெட்டிலிருந்து நேராகக் கலியபெருமாளிடம் போனேன், அவர் "விடுங்கம்மா, மெஷினும் ஒரு நாள் ரெஸ்ட் எடுக்கட்டும்" என்றார், சொன்ன மாத்திரத்தில் ஒரு சாண் உயர்ந்தார். பதிவாளரிடம் போனேன், லீவு நாளில் போனதற்கு யாரைக் கேட்பது, விடுங்கள் என்றார், அவர் ஒரு முழம். அப்புறம்தான் இயக்குநர் சிங்காரவடிவேலு, பொரிகடலை, மீதியெல்லாம். இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நம் ஆட்கள் என்ன பாடு படுத்துகிறார்கள் பாருங்கள், லீவு விடுகிறார்கள், பஸ் விடுகிறார்கள், பட்டம் விடுகிறார்கள், கதை விடுகிறார்கள், ஏப்பம் விடுகிறார்கள், எவனுடைய பிழைப்பாவது கையை விட்டுப் போகிறது என்று ஓடிவந்து சொன்னால் அதையும் விடுங்கள், பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். அந்தச் சொல்லை யார் சொன்னாலும் எங்கள் நிலையத்தில் அன்றிலிருந்து தரையை விட்டு எழும்பினார்கள், எத்தனை தடவை சொன்னார்களோ அத்தனைக்கு உயரம். போன ஹீலியம்தான் அவர்கள் உடம்பில் ஏறிக்கொண்டது என்று எல்லாருக்கும் தெரியும், அதில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. குரல் கீச்சென்று மாறியிருக்குமே என்று கேட்காதீர்கள், மாறவில்லை, மேலே போகப் போக அவர்களுக்குக் குரல் இன்னும் கனத்துத்தான் போயிற்று.

ஒரு வாரம் எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள், அப்புறம் பழகிவிட்டது, நம் ஜனங்களுக்குப் பழகாதது எது? வராந்தா நெடுக டவுன் பஸ்ஸில் தொங்குகிற மாதிரி மேலே பிடிகள் மாட்டினார்கள், உயர்ந்தவர்கள் ஒவ்வொரு பிடியாகப் பற்றிக்கொண்டு நகர்ந்து போனார்கள். தலையில் அடிபடுகிறது என்று சீலிங் ஃபேன்களையெல்லாம் கழற்றினார்கள், கீழே உட்கார்ந்து வேலை செய்கிற நாங்கள் புழுக்கத்தில் வெந்தோம். நிலைகளை இடித்து உயர்த்தினார்கள். கேன்டீன்காரர் மாங்காய் பறிக்கிற துறட்டியில் தூக்குவாளியை மாட்டி மேலே டீ நீட்டினார். வீட்டில் மனைவிமார் தூங்கப்போகும்போது வேட்டி முனையைக் கட்டில் காலோடு முடிந்து வைத்தார்கள். கும்பிட வருகிறவர்களுக்குத்தான் ரொம்ப சௌகரியம், இயக்குநரின் கால் ஆட்களின் கண்ணுக்கு நேராக வந்துவிட்டதால் காலில் விழுவதற்குக் குனிய வேண்டிய வேலையே இல்லாமல் போயிற்று, நின்ற வாக்கிலேயே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. உயரம் கௌரவமாகிவிட்டது. மேலிடம், மேலிடம் என்று அதுவரைக்கும் ஒரு பேச்சுக்குத்தான் சொல்லிக்கொண்டிருந்தோம், இப்போது மேலிடத்தில் கேட்க வேண்டும் என்றால் நிஜமாகவே கழுத்து வலிக்க அண்ணாந்து கேட்க வேண்டியிருந்தது. பெண் கொடுக்க வந்தவர்கள் மாப்பிள்ளை தரையிலிருந்து எத்தனை அடி என்று விசாரித்தார்கள். பதவி உயர்வுக்கு வந்த கமிட்டி டேப் வைத்து அளந்தது. இளம் பேராசிரியர்கள் இதைப் பார்த்தார்கள், அவர்களுக்கு மூளை இல்லையா என்ன, பைக்குப் போகிற ஹோஸைக் கழற்றி மூலையில் எறிந்துவிட்டு, வால்வை வானத்துப் பக்கம் முழுசாகத் திருப்பி வைத்து, ஜன்னலோரம் நின்று விடு விடு என்று ஜபம் செய்தார்கள், ஒரு மாதத்தில் அவர்களும் பிடியைப் பற்றிக்கொண்டு போக ஆரம்பித்தார்கள். அதுவரைக்கும் சோம்பேறித்தனத்தால் போய்க்கொண்டிருந்த ஹீலியம் அப்புறம் வேண்டுமென்றே போயிற்று. என் பல்லைக் கடித்துக் கடித்து எனக்குத் தாடை வலித்தது. எனக்கு அந்தச் சொல் சின்ன வயசிலிருந்தே வாயில் வராது, வீட்டில் என்னை விடாக்கண்டி என்றுதான் கூப்பிடுவார்கள், அதனால் நான் தரையிலேயே கிடந்தேன், மேலேயிருந்து என்னைத் தரை மேடம் என்று கூப்பிட்டுச் சிரித்தார்கள்.

குறித்த நாளில் முத்துராக்கு வந்தாள். ஹீலியம் இல்லை, அடுத்த லாரி வரட்டும் என்று திருப்பி அனுப்பினேன். பிள்ளை அன்றைக்குப் பஸ் ஸ்டாப்புகளைச் சொன்னாள், புளியமரத்துக்கு அப்புறம் கொஞ்சம் திக்கியது, அம்மா எடுத்துக்கொடுத்தாள். கார்த்திகையில் லாரி வந்தது, வந்த ஹீலியத்தை மேலிடத்து ஆய்வகங்கள் ஆளுக்கொரு பக்கம் பங்கு போட்டு ஒரு வாரத்தில் வானத்துக்கு அனுப்பிவிட்டன, எனக்கு வந்தது ஹெல்மெட்டின் அடிப்பாகம் நனையக் காணாது. மறுபடி வந்தாள், மறுபடி அனுப்பினேன். மோனிஷா டம்ளரைக் காட்டி அது அது என்றாள், அதற்குப் பெயர் அவளுக்கு வரவில்லை. ரைஸ்மில்லு என்றாள், கேட்டு என்றாள், நடுவில் இருந்த ஊரெல்லாம் காணாமல் போயிருந்தது. முத்துராக்கு முந்தானையால் பிள்ளையின் வாயைத் துடைத்துவிட்டுக் கூட்டிக்கொண்டு போனாள்.

அன்றைக்கு மத்தியானமே நான் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டேன். எல்லாரும் விட்டத்துக்குக் கீழே வரிசையாக மிதந்துகொண்டிருந்தார்கள், நான் ஒருத்திதான் நாற்காலியில். ஹீலியம் உங்கள் உடம்புக்குள்தான் இருக்கிறது, ஷெட்டிலிருந்து ஹோஸைக் கொண்டுவருகிறேன், ஆளுக்கு நாலு மூச்சு ஊதுங்கள், பை நிரம்பிவிடும், அந்தப் பிள்ளைக்குப் பேச்சு போய்க்கொண்டிருக்கிறது என்றேன். ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் சிங்காரவடிவேலு தொண்டையைச் செருமிக்கொண்டு, ரொம்பப் பொறுமையாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொன்னார்.

"ஏறினவங்களை இறங்கச் சொல்றது நாகரிகம் இல்ல ஞானசுந்தரி."

எல்லாரும் தலையாட்டினார்கள். கூட்டம் முடிந்தது. நான் என் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, காலி ஹெல்மெட்டின் மேல் ஓங்கி ஓர் அறை அறைந்தேன், கை வீங்கியதுதான் மிச்சம்.

மாசி மாதம் இயக்குநருக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். நிலையத்திலேயே அதிகம் உயர்ந்தவர் என்பதற்காகப் பாராட்டு, வேறு காரணம் கிடையாது. மைதானத்தில் பந்தல், நாதஸ்வரம், மைக் செட், சுற்று வட்டாரத்து ஜனமெல்லாம் வரிசையில் நின்று அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டு, முடிந்தவர்கள் கணுக்காலில் மாலை போட்டார்கள். அன்றைக்குத்தான் முத்துராக்கு மறுபடி வந்தாள். மோனிஷா வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள், நான் ரைஸ்மில்லு என்று எடுத்துக்கொடுத்தேன், அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஒன்றும் சொல்லவில்லை. ஹீலியம் வந்துவிட்டதா என்று முத்துராக்கு கேட்டாள். இல்லை என்றேன். அப்படி எங்கேதான் போய்த் தொலைகிறது அது என்றாள். நான் அவளை ஜன்னல் பக்கம் இழுத்துக்கொண்டு போய்ப் பந்தலைக் காட்டினேன், மாலையும் காலுமாக மிதக்கிறாரே, அவர் வயிற்றுக்குள் இருக்கிறது உன் பிள்ளைக்கு வர வேண்டியது என்றேன்.

"கேட்டா குடுக்க மாட்டாகளா, டாக்டரம்மா?"

கேட்டாயிற்று, கொடுக்கவில்லை என்றேன். தான் ஒரு தடவை கேட்டுப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டு அவள் நடந்தாள், நான் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

வரிசையில் தள்ளாமல் முட்டாமல் தன் முறை வருகிற வரைக்கும் நின்றாள். முறை வந்ததும், நம் ஊரில் வேறு வழியில்லாதவர்கள் கடைசியாகச் செய்கிறதைச் செய்தாள், இரண்டு கையாலும் அவர் இரண்டு காலையும் பிடித்துக்கொண்டாள். எம் புள்ளைக்குப் பேச்சு போயிக்கிட்டே இருக்குங்கய்யா, அந்தக் காத்தைக் குடுத்துருங்கய்யா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும் என்று கெஞ்சினாள். மேலேயிருந்து சிங்காரவடிவேலு சிரித்த முகத்தோடு, மைக்கில் எல்லாருக்கும் கேட்கும்படி, "பாத்துக்கலாம்மா, விடு" என்றார். சொன்னதும் அவர் உடம்பு இன்னும் ஒரு முழம் எழும்பப் பார்த்தது, முத்துராக்கு நுனிக்காலில் எக்கி நின்றாள். மூட்டை மூட்டையாக முந்திரிக்கொட்டை தூக்குகிற தோள் அது.

"விட மாட்டேன்யா" என்றாள்.

அப்படியே திரும்பி நடக்க ஆரம்பித்தாள். அவருக்கு எடை ஏது, திருவிழாவில் வாங்கிய பலூன் மாதிரி பின்னாலேயே போனார். பந்தல் முழுக்கக் களேபரம். பதிவாளர் விடும்மா என்று கத்தினார், கத்திய வேகத்தில் மேலே போய்ப் பந்தல் துணியில் தலை முட்டிக்கொண்டது. தடுக்க வந்த இளம் பேராசிரியர்கள் விடு, விடு, காலை விடு என்று கூச்சல் போட்டார்கள், ஒவ்வொரு விடுவுக்கும் ஒவ்வொரு அடியாக மேலே போய்த் துணிக்குக் கீழே சிக்கிக்கொண்டு கையைக் காலை உதைத்தார்கள், எட்டிப் பிடிக்க ஒருத்தருக்கும் கை எட்டவில்லை. அத்தனை படித்தவர்களுக்கும் அந்த நேரத்தில் சொல்வதற்கு வேறு ஒரு வார்த்தை தெரியவில்லை, அடப் பாவிகளா, பிடி என்று ஒருத்தன் சொல்லியிருந்தால்கூடக் காரியம் கெட்டிருக்கும். வயர் நீளம் இருக்கிற வரைக்கும் இயக்குநர் மைக்கிலேயே விடு விடு என்று சொல்லிக்கொண்டு போனார், நிலையம் முழுக்க ஒலிபெருக்கியில் கேட்டது, சொல்லச் சொல்ல மேலே இழுத்தது, அவள் குதிகாலை மண்ணில் ஊன்றி ஊன்றி, ஒரு அடிகூடப் பின்னால் போகாமல், நான் வழி காட்டக் காட்ட நேராக ஷெட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

கலியபெருமாள் அங்கே ஒரு சாண் உயரத்தில் நின்றுகொண்டிருந்தார். அவர் முத்துராக்குவைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், பைக்குப் போகிற ஹோஸை எடுத்துத் தன் வாயில் வைத்து ஒரே மூச்சில் தன் சாணை ஊதித் தள்ளிவிட்டுத் தரையில் கால் பதித்தார், அப்புறம் போய்க் கம்ப்ரஸரைப் போட்டார். நான் ஹோஸை வாங்கித் துடைத்து, ஷெட்டில் கிடந்த ஏணியில் ஏறி, இயக்குநரின் முகத்துக்கு நேரே நீட்டினேன். எங்கள் ஊரில் சாலையோரம் வண்டியை மறித்துக் குடித்திருக்கிறாயா என்று பார்க்கிற போலீஸ்காரர்கள் எப்படி நீட்டுவார்களோ அப்படித்தான் நீட்டினேன்.

"ஊதுங்க சார்."

இது முறையில்லை என்றார். தனக்கு என்ன மரியாதை இருக்கிறது என்று தெரியுமா என்றார். உங்கள் மேல் நடவடிக்கை எடுப்பேன் என்றார். எடுங்கள், முதலில் ஊதுங்கள் என்றேன். குனிந்து பார்த்தார், கீழே அந்தக் கருத்த கைகள் இரண்டும் கணுக்காலில் இறுகிக் கிடந்தன, முத்துராக்கு மேலே பார்க்கவே இல்லை, தலையைத் தாழ்த்திக் கண்ணை மூடிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர் ஊதினார். ஊத ஊத, தரையில் சப்பிக் கிடந்த பை ஒரு பக்கமாகப் புரண்டு மெல்ல எழுந்தது, அவர் இறங்கிக்கொண்டே வந்தார், செருப்பு தரையைத் தொட்டது, நிற்கிறது எப்படி என்று முழங்காலுக்கு மறந்துபோயிருந்ததால் அப்படியே வாழைச் சருகுமேல் உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் முத்துராக்கு கையை எடுத்தாள்.

மற்றவர்களைக் கேன்டீன்காரர் துறட்டியால் பெல்ட்டில் கொக்கி போட்டு ஒவ்வொருவராக இறக்கிக் கொண்டுவந்தார். பதிவாளர் மட்டும் ஒரு சாண் மிச்சம் வைத்துக்கொள்கிறேனே மேடம், ஆபீஸில் ஒரு மரியாதைக்கு என்று கெஞ்சினார். கடைசி மூச்சு வரைக்கும் ஊத வைத்தேன். அத்தனையும் மேலிடத்து வாயிலிருந்து வந்தது என்பதால் கரி வடிகட்டியில் இரண்டு தடவை சுத்தம் செய்துதான் திரவமாக்கினோம். ஹெல்மெட் நிரம்பியது. மோனிஷா அதற்குக் கீழே தலையை வைத்து, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அசையாமல் படுத்தாள், இடம் புட்டுப் புட்டு வைத்த மாதிரி தெரிந்தது. மதுரையில் ஆபரேஷன் நடந்தது. அதற்கப்புறம் அவளுக்கு ஒரு வலிப்புகூட வரவில்லை.

சித்திரையில் தாயும் மகளும் எங்களைப் பார்க்க வந்தார்கள். முத்துராக்கு வறுத்த முந்திரி ஒரு பை கொண்டுவந்திருந்தாள், ஆய்வகத்தில் எல்லாருக்கும் தன் கையால் கொடுத்தாள். பிள்ளைக்கு முடி திரும்ப முளைத்திருந்தது, கன்னத்தில் சதை போட்டிருந்தது. சர்ஜன் எனக்குப் போனில் எல்லாம் சொல்லியிருந்தார், இனி புதிதாக ஒன்றும் போகாது, போனது வராது, புரட்டாசியிலேயே பார்த்திருந்தால் வலிப்பு பிறக்கிற இடம் இவ்வளவு பரவியிருக்காது என்று. முத்துராக்குவிடம் அதை எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, விஷயம் கேள்விப்பட்டு இயக்குநர் வந்துவிட்டார், புது ஷூ போட்டுக்கொண்டு, தரையில் நடந்து. பார்த்தீர்களா, எல்லாம் நல்லபடியாக முடிந்தது, நம் நிலையத்துக்கே பெருமை, நடந்ததை யாரும் மனசில் வைத்துக்கொள்ளக்கூடாது என்றெல்லாம் பேசினார். ஒரு முந்திரியை வாயில் போட்டுக்கொண்டு, மோனிஷாவின் தலையில் கையை வைத்து, "உம் பேரு என்னம்மா?" என்று கேட்டார்.

மோனிஷா அவரை நிமிர்ந்து பார்த்தாள். உதட்டைக் குவித்தாள். "மோ" என்றாள். மறுபடி குவித்தாள், கழுத்து நரம்பு புடைத்தது, "மோ" என்றாள், அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

முத்துராக்கு மகளைத் தன் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டாள். அவள் கேட்டது என்னிடம்தான்.

"டாக்டரம்மா, ஆயுத பூசைக்கு மறுவாரமே இதைப் பாத்திருந்தா, எம் புள்ள பேசியிருக்குமா?"

சிங்காரவடிவேலு என்னைப் பார்த்தார். அப்படியெல்லாம் உறுதியாகச் சொல்ல முடியாதும்மா என்று நான் சொல்வேன் என்று எதிர்பார்த்து, எனக்கு முன்னாலேயே தலையை மெல்ல ஆட்டத் தொடங்கியிருந்தார்.

"பேசியிருப்பா" என்றேன்.

முத்துராக்கு அழவில்லை. அவர் பக்கம் திரும்பினாள். ஐயா ஐயா என்று அதுவரைக்கும் அவர் காலைத் தவிர வேறெதையும் நிமிர்ந்து பார்க்காதவள், நேராக அவர் முகத்தைப் பார்த்தாள்.

"கேட்டுக்கிட்டியா?" என்றாள்.